கூதிரும் இட்டேரியும்: ஈரமண் மிதிவண்டியின் எழுதப்படாத வரலாறு

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று அழைத்தனர். தொல்காப்பியம் இக்கூதிரைக் குறிஞ்சித் திணைக்கு உரிய பொழுதுகளுள் ஒன்றாக வைக்கிறது. மழையில் வழுக்கும் மலைவழியில் இரவில் வரும் தலைவனுக்கு என்ன ஏதம் நேருமோ என்று தலைவியும் தோழியும் அஞ்சுவது குறிஞ்சிப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் பொருளாகும். முல்லைத் திணையிலோ, கார்காலத்தில் வினைமுடித்து மீளும் தலைவனின் தேர் ஈரச் செம்மண்ணில் உருண்டு வருகிறது. அகநானூற்றின் நான்காம் பாடலில், பூவில் தாதுண்ணும் வண்டுகள் அஞ்சக்கூடாது என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் தலைவன். நனைந்த மண்ணும் உருளும் சக்கரமும் சந்திக்கும் காட்சி நமக்குப் பழையது.

சென்ற ஐப்பசியில் இவற்றை வகுப்பில் பேசி முடித்த பிறகு, மங்கலத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஓர் ஒளிப்படக்காட்சியை நமக்குக் காட்டினார். ஐரோப்பாவில் எங்கோ, இலையுதிர்கால மழையில், சேறும் சரளையுமான பாதையில் மிதிவண்டி வீரர்கள் விரைந்துகொண்டிருந்தனர். "இந்த மாதிரிப் பாதைக்குத் தமிழில் என்ன பெயர் சார்?" என்று கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் மேலைநாட்டு வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி 1885இலும், டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888இலும் வந்தபின்னரே மிதிவண்டி எல்லோருக்கும் உரியதாயிற்று. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அது சாலையைவிட்டு இறங்கத் தொடங்கியது. வயலிலும் சேற்றிலும் ஓட்டியும், ஓட்ட இயலாத இடங்களில் தோளில் சுமந்தும் செல்லும் சைக்ளோகிராஸ் போட்டிக்குப் பிரான்சில் 1902இல் தேசிய அளவிலான பந்தயம் நடந்தது. இன்றும் அதன் பருவம் இலையுதிர்காலமும் குளிர்காலமுமே. இங்கிலாந்தில் 1955இல் கரட்டுவழிகளை நாடுவோர் ஒரு சங்கம் அமைத்தனர். அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மரின் பகுதியில், 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய கனத்த வண்டிகளில் மலைச்சரிவில் இறங்கிப் பந்தயம் நடத்தினர். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் அவர்களது பிரேக், சரிவு முடிவதற்குள் சூடேறிக் கிரீஸைப் புகையாக்கிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அப்பந்தயத்துக்கு 'ரீபேக்' என்றே பெயர் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் இதற்கெனத் தனிச்சட்டம் ஒன்றைச் செய்தார். மலைமிதிவண்டி பிறந்த கதை இது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. சரளைப் பாதைக்கான 'கிராவல்' வண்டி இன்னும் இளையது. கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 2006இல் தொடங்கிய போட்டி அதற்குப் புகழ் சேர்த்தது. 2022 அக்டோபரில் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் அதற்கு முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது.

இனி மங்கலத்துக்கு வருவோம். திருப்பூருக்கு மேற்கே, நொய்யல் கரையில், விசைத்தறிகளின் ஓசை ஓயாத ஊர் இது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையைத் தாண்டி, சாமளாபுரம், மங்கலம், திருப்பூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியாதலால் இங்கே தென்மேற்குப் பருவத்தில் காற்று மிகுதி, மழை குறைவு. கூதிரில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. அப்போதுதான் குளங்கள் நிரம்பும், தரைப்பாலங்கள் மூழ்கும்.

இந்நிலத்தின் பழைய பாதைக்கு இட்டேரி என்று பெயர். தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் இடையே, இருபுறமும் உயிர்வேலி அமைந்து, ஒரு மாட்டுவண்டி செல்லும் அகலத்தில் ஓடும் மண்வழி அது. வேலியில் கிளுவையும் கள்ளியும் நிற்கும். அவற்றின்மேல் கோவையும் பிரண்டையும் படர்ந்திருக்கும். உள்ளே கௌதாரியும் கீரியும் ஓணானும் குடியிருக்கும். கொங்கு நாட்டில் ஊரையும் ஊரையும் இணைத்தவை பெரும்பாலும் இட்டேரிகளே. மாணவர் கேட்ட சொல் அவருடைய ஊரிலேயே இருந்தது. அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த ஞாயிறன்று தூறலோடு தூறலாக மங்கலத்துக்குச் சென்றோம். மாணவரின் தாத்தா தம் மிதிவண்டியை இன்னும் வைத்திருக்கிறார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதில் நூல் மூட்டை ஏற்றித் தறிக்கூடங்களுக்குக் கொண்டுசென்றவர் அவர். சுவரில் சாத்தியிருந்த அந்தக் கறுப்பு வண்டியை நாம் சற்று அளந்து பார்த்தோம். அதன் டயர் இருபத்தெட்டு அங்குலம், ஒன்றரை அங்குல அகலம். மில்லிமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 40. இன்றைய கிராவல் வண்டிகள் பலவற்றின் டயர் அகலமும் அதுவே! பெரிய சக்கரம், நீண்ட சட்டம், சாய்ந்த முன்கவை ஆகிய அனைத்தும் கரடான வழிக்கு ஏற்றவை. ஆங்கிலேயரின் பழைய சாலைகளுக்காக உருவான அவ்வடிவம், 1949இல் அம்பத்தூரில் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், 1956இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ முதலிய நிறுவனங்களின் வழியாக நம் ஊர்களெங்கும் பரவியது. அது இட்டேரிக்குள் நுழைந்தபோது தனிப்பெயர் எதையும் சூட்டிக்கொள்ளவில்லை.

மழையில் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். "ஓட்டறதெங்கீங்க? பாதி தூரம் உருட்டறதுதானுங்" என்றார். வண்டித்தடம் இரண்டிலும் நீர் நின்றுவிடும். நடுவில் புல் முளைத்த மேட்டில்தான் சக்கரத்தை விட வேண்டும். செம்மண் நீரை விரைவில் உள்வாங்கும். கரிசல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சேறு அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது. வேலியில் ஒரு குச்சியை ஒடித்து நோண்டி எடுக்க வேண்டும். சிலர் மழைமாதம் வந்ததும் மட்கார்டையே கழற்றி வைத்துவிடுவார்களாம். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்காது. செருப்புக்காலைத் தரையில் தேய்த்தே வண்டியை நிறுத்த வேண்டும். இரவில் டயர் நனைந்தால் டைனமோ வழுக்கி விளக்கு மங்கிவிடும்.

இவை அனைத்துக்கும் இன்று தொழில்நுட்ப விடை உண்டு. ரிம்மை நம்பாத டிஸ்க் பிரேக், சேறு தங்காதபடி அகன்ற இடைவெளியுள்ள சட்டம், மின்கல விளக்கு என்று பட்டியல் நீளும். ஆயினும் 2023 எம்போரியா போட்டியில், தொடக்கத்தை அடுத்த சில மைல்களிலேயே களிமண் அடைத்து, உலகின் தேர்ந்த வீரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தனர். குச்சியை ஒடிக்கும் பெரியவரும் அவர்களும் ஒரே சேற்றில்தான் நின்றனர்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைத்தால் நாம் வரலாற்றுக்கு நேர்மை செய்தவர்கள் ஆகமாட்டோம். வீரருக்குச் சேறு விருப்பத்தின்பால் ஏற்றுக்கொண்ட துன்பம். பெரியவருக்கு அது கூலி. ஒரு கார்த்திகை இரவில் வழுக்கி விழுந்து நூல் மூட்டை முழுவதும் சேற்றில் நனைந்துவிட்டது என்றார். கொங்காடையைத் தம் தலையிலிருந்து எடுத்து மூட்டைக்குப் போர்த்தியிருந்தும் பயனில்லை. முதலாளி அந்த வாரக் கூலியில் பிடித்துக்கொண்டார். "தூக்குப்போசியில சோறு மட்டும் நனையாம இருந்துச்சுங்" என்று முடித்தார். அதுவரை திண்ணையில் கைப்பேசியோடு இருந்த பேரன் தலைநிமிர்ந்து பார்த்தார். அவர் இதை முன்பு கேட்டதில்லை என்பது தெரிந்தது.

விளையாட்டுக்கு வரலாறு எழுதப்படுகிறது. முதற்பந்தயத்தின் நாளும் வென்றவர் பெயரும் பதிவாகின்றன. உழைப்பின் பயணத்துக்கு அத்தகைய பதிவு கிடையாது. பால்காரரும் அஞ்சல்காரரும் பனியன் கம்பெனித் தொழிலாளரும் ஆண்டுதோறும் கூதிரில் கடந்த தொலைவை எவரும் அளந்ததில்லை. திருப்பூரின் தொழில் வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் பொறிகளையும் ஏற்றுமதியையும் கணக்கிடுகின்றனர். அந்நூலைச் சேற்றுவழியில் சுமந்த இரு சக்கரங்கள் அக்கணக்கில் வருவதில்லை.

தமிழகத்திலும் இன்று மிதிவண்டிப் பயணம் மீண்டும் விருப்பத்துக்குரியதாகியிருக்கிறது. 2008இல் தொடங்கிய நீலகிரி மிதிவண்டிச் சுற்றுப்பயணம் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆர்வலர்களை மலையேற வைத்தது. அது டிசம்பரை, அதாவது பெருமழை தணியும் காலத்தைத் தேர்ந்துகொண்டதில் அறிவுடைமை உண்டு. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குறிஞ்சித் தோழியின் அச்சம் வெறும் இலக்கிய மரபு என்று தள்ளத்தக்கதன்று. அடைமழையில் மலையை விட்டுவிட்டுச் சமவெளியின் இட்டேரியை நாடுவதே நல்லது.

ஆனால் நாடுவதற்கு இட்டேரி இருக்க வேண்டும். அன்று பெரியவர் சொன்ன வழியைத் தேடிப் பேரனோடு மிதிவண்டியில் சென்றோம். முதற்பகுதி தார்ச்சாலையாகியிருந்தது. மழையில் ஊர்மக்கள் விழாமல் போகிறார்கள். அதை நாம் குறைகூற இயலாது. அதன்பின் ஒருபுறம் கிளுவைவேலி வெட்டப்பட்டுக் கம்பிவேலி வந்திருந்தது. கடைசியில் ஒரு சிறு துண்டு மட்டும் பழையபடி எஞ்சியிருந்தது. இரு தடங்களிலும் நீர் நின்றது, நடுவே புல்மேடு. பேரன் எவரும் சொல்லாமலே சக்கரத்தை மேட்டில் விட்டார். ஐம்பதடி போவதற்குள் சேறு அடைத்துக்கொண்டது. இறங்கி, வேலியில் ஒரு குச்சி ஒடித்தார்.

நம் வகுப்புக்கு இவ்வாண்டின் களப்பணியாக இதையே தந்திருக்கிறோம்: தத்தம் ஊரில் எஞ்சியுள்ள இட்டேரிகளின் பெயர், போக்கு, வேலிமரங்கள், அவற்றில் மிதிவண்டி ஓட்டிய முதியோரின் நினைவு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வருவது. வாசக நண்பர்களும் தம் ஊர் வழிகளைப் பற்றி எழுதினால் மகிழ்வோம். கூதிர் ஆண்டுதோறும் வரும். பெரியவர்கள் அப்படியல்லர்.