விதைநெல்லும் உறைபனியும்

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பர். எத்தனை பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைப்பதில்லை என்பது உழவர் மரபு. புற்றுநோய் மருத்துவம் இந்த நெறியை மிகத் தாமதமாகவே கற்றுக்கொண்டது.

பெண் குழந்தை பிறக்கும்போதே ஏறத்தாழ 10 இலட்சம் முதல் 20 இலட்சம் கருமுட்டைகளுடன் பிறக்கிறது. பின்னர் அவை குறையுமேயன்றிப் பெருகுவதில்லை. புற்றணுக்களை அழிக்கும் வேதிமருந்துகளும் கதிர்வீச்சும் இந்தக் கையிருப்பையும் சேர்த்தே அழிக்கக்கூடும். உயிர் பிழைத்ததே பெரிது என்றிருந்த காலத்தில் இவ்விழப்பை எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

1949இல் இலண்டனில் போல்ஜ், சுமித், பார்க்ஸ் மூவரும் கிளிசரின் கலந்தால் சேவலின் விந்தணு உறைபனியிலும் உயிர் தாங்கும் எனக் கண்டனர். நம் நாட்டுப் பங்கையும் இங்கே மறக்கலாகாது. கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் 53 நாட்கள் உறையவைத்திருந்த கருவிலிருந்து 1978 அக்டோபரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குரிய பெருமை மறைவுக்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

திருமணமாகாத பெண்ணுக்குக் கருவை உறையவைக்கும் வழி எளிதன்று. முட்டைகளைச் சேமிக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஊசி மருந்து வேண்டும். பூப்பெய்தாத சிறுமிக்கோ அவ்வழியே இல்லை. ஆகவேதான் சினைப்பையின் மேற்புறத் திசுவையே சிறு துளைவழி அறுவையால் எடுத்து, மெல்லிய கீற்றுகளாக்கி, மைனஸ் 196 பாகை திரவ நைட்ரஜனில் வைக்கும் முறை தோன்றியது. 1994இல் எடின்பரோவில் ரோஜர் காஸ்டன் குழுவினர் செம்மறியாடுகளில் இதனை மெய்ப்பித்தனர். பெல்ஜியத்தில் 1997இல் ஹாட்கின் நோய்ச் சிகிச்சைக்கு முன் ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துவைத்த திசுவை 2003இல் ஜாக் டோனே குழுவினர் அவருக்கே மீண்டும் பொருத்தினர். 2004 செப்டம்பரில் அவர் தாயானார். அதன்பின் உலகெங்கும் 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் இம்முறையால் பிறந்துள்ளனர். 2019இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதனைச் சோதனை முறை என்னும் நிலையிலிருந்து விடுவித்தது.

குறைகளும் உண்டு. இரத்தப் புற்றுநோயில் அத்திசுவுடன் நோயணுவும் திரும்பி வரலாம். பொருத்திய திசு எல்லோருக்கும் பலன் தருவதில்லை. செலவும் சிறிதன்று.

வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் நோயாளிகள் கோரிமேட்டு ஜிப்மரை நாடிச் செல்கின்றனர். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது. அவ்வாறு செல்லும் இளம்பெண்ணின் தாயார் 'பிள்ளை பிழைத்தால் போதும்' என்பார், அது நியாயமே. பிழைத்த பிள்ளைக்குப் பின்னும் நாற்பது, ஐம்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது என்பதையும் நாம் எண்ண வேண்டும். கல்யாணப் பேச்சு எழும் நாளில்தான் அந்த இழப்பு வீட்டாருக்குப் புலப்படும். அப்போது செய்வதற்கு அதிகம் இராது.

நாம் வேண்டுவது ஒன்றே. முதல் மருந்துத்துளி இறங்குமுன், 'இவளுக்கு விதைநெல் எடுத்து வைக்க முடியுமா?' என்று எவரேனும் கேட்கவேண்டும். முடியாது என்பதே விடையானாலும், கேட்காமல் விடுவதற்கு இனி நமக்குச் சாக்கு ஏதுமில்லை.