நாட்டின் காவலும் நாடாளுமன்றத்தின் கேள்வியும்

நாட்டைக் காப்பவர் யாவர் என்று வினவினால், எல்லையில் நிற்கும் போர்வீரரையே முதலில் நினைக்கின்றோம். அது பொருத்தமே. ஆயின், அவ்வீரர் ஏந்தும் துப்பாக்கி என்ன விலைக்கு வாங்கப்பட்டது, அவர் உடுத்த கம்பளி பனிக்குப் போதுமானதா, அவர் பெயரைச் சொல்லி ஆட்சியாளர் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் ஓர் அளவுக்குள் நிற்கின்றதா என்று கேட்பவரும் நாட்டைக் காப்பவரே. அவ்வாறு கேட்கும் கடமை நாடாளுமன்ற உறுப்பினருக்கு உரியது. அக்கடமையை நெடுங்காலம் ஆற்றிய ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் குறுக்கு இருப்புப்பாதையில், அரியலூருக்கு வடக்கே அமைந்திருப்பது செந்துறை. அரியலூரும் பெரம்பலூரும் அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. இதே இருப்புப்பாதையில், 1956 நவம்பர் 23 ஆம் நாள், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைய, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அமைச்சர் மக்கள் மன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் நெறியை, இவ்வட்டாரத்தில் நிகழ்ந்த அத்துயரம் நாட்டுக்கு நினைவூட்டிற்று.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1962 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், செந்துறைக்கு அண்மையிலுள்ள பெரம்பலூரின் பெயர் தாங்கிய மக்களவைத் தொகுதி இரா. செழியனைத் தேர்ந்தெடுத்தது. இவர் 1923 ஆம் ஆண்டில் திருக்கண்ணபுரத்தில் பிறந்தவர். நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அத்தேர்தலில் மக்களவைக்குச் சென்ற திராவிட முன்னேற்றக் கழகத்தார் எழுவரே. எழுவர் என்ன செய்துவிட முடியும் என்று எண்ணத் தோன்றும். எண்ணிக்கையில் சிறியோர்க்குக் கேள்வியே வலிமை.

அவர் அவைக்குச் சென்ற அவ்வாண்டிலேயே பெருஞ்சோதனை வந்தது. அக்டோபர் 20 ஆம் நாள் சீனப் படைகள் வடக்கு எல்லையில் தாக்கின. 26 ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. திராவிட நாட்டுக் கோரிக்கையை ஒதுக்கி வைத்து, கழகம் நாட்டுப் பாதுகாப்புக்குத் துணை நின்றது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் 8 ஆம் நாள் நாடாளுமன்றம் கூடிற்று. படைகள் பின்வாங்கும் வேளையில் அரசைக் குறைகூறலாமா என்று எவரும் அவையின் கதவை அடைத்துவிடவில்லை. பல நாள்கள் வெளிப்படையாக விவாதம் நடந்தது. பாதுகாப்புத் துறையை ஏற்றிருந்த வி. கே. கிருஷ்ண மேனன் அவை கூடுவதற்கு முதல் நாளே அமைச்சரவையினின்றும் விலகினார். மலைக்குளிருக்கு ஏற்ற உடையும் தக்க ஆயுதமும் இன்றி நம் வீரர் பலர் போரிட நேர்ந்தது என்பதை நாடு அறிந்து வருந்தியது. கம்பளியைப் பற்றிய கேள்வியும் நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியே என்பது அப்போது விளங்கிற்று. அக்கேள்வி காலத்தோடு கேட்கப்பட்டிருந்தால் எத்துணை உயிர்கள் பிழைத்திருக்கும்!

அத்தகைய கேள்விகளை முறையாகக் கேட்பதற்கென்றே நாடாளுமன்றத்தில் பொதுக் கணக்குக் குழு என்றோர் அமைப்பு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில், 1921 ஆம் ஆண்டில் தோன்றியது அது. அன்று நிதிப் பொறுப்பு வகித்தவரே அதற்குத் தலைவர். செலவிடுபவரே செலவை ஆராய்வது எங்ஙனம் பொருந்தும்? குடியரசு மலர்ந்தபின் அம்முறை மாறிற்று. இன்று அக்குழுவில் மக்களவையினர் 15 பேர், மாநிலங்களவையினர் 7 பேர், ஆக 22 உறுப்பினர் உள்ளனர். அமைச்சர் எவரும் இதில் இடம்பெறலாகாது. 1967 முதல் எதிர்க்கட்சி வரிசையைச் சேர்ந்தவரைத் தலைவராக அமர்த்தும் மரபு நிலைபெற்றது. மினு மசானி, அடல் பிகாரி வாஜ்பாய் ஆகியோரைத் தொடர்ந்து, 1971 முதல் 1973 வரை அப்பொறுப்பை வகித்தவர் செழியன். அவர் 1967 இலும் 1971 இலும் கும்பகோணம் தொகுதியிலிருந்து மக்களவைக்கு வந்திருந்தார்.

இக்குழு எவ்வாறு இயங்குகின்றது என்பதை மாணவர் அறிதல் நலம். நாடாளுமன்றம் ஒவ்வோர் ஆண்டும் படைத்துறைக்குப் பணம் ஒதுக்குகின்றது. செலவு முடிந்தபின், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்கை ஆராய்ந்து அறிக்கை அளிக்கின்றார். அவ்வறிக்கை குழுவின் முன் வருகின்றது. குழு துறைச் செயலாளரை அழைத்து வினவும்: இன்ன பொருள் வாங்கப் பணம் பெற்றீர், பொருள் வந்ததா? வந்தது பயன்பட்டதா, கிடங்கில் துருப்பிடித்துக் கிடக்கின்றதா? விலை மிகுந்ததேன்? படை எங்கே செல்லும், எப்போது தாக்கும் என்னும் மறைபொருள்களைக் குழு கேட்பதில்லை. சாட்சியங்களை அது தனியே கேட்கின்றது. முடிவை மட்டும் அவையின் முன் வைக்கின்றது. இவ்வாறு மறைக்க வேண்டியதை மறைத்துக்கொண்டே, கேட்க வேண்டியதைக் கேட்கவும் வழி உண்டு.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. செலவு நடந்து முடிந்த பின்னரே குழு ஆராய்கின்றது. வெள்ளம் வடிந்தபின் கரையைப் பார்ப்பது போன்றது அது. இக்குறையை ஓரளவு நீக்க, 1993 ஆம் ஆண்டில் பாதுகாப்புத் துறைக்கெனத் தனி நிலைக்குழு ஏற்பட்டது. மானியக் கோரிக்கைகளை அவை ஏற்குமுன்பே அக்குழு ஆராய்கின்றது. ஆயினும் நடந்த செலவுக்குக் கணக்குக் கேட்கும் பழைய குழுவின் பணி இன்றும் குறையவில்லை.

பாதுகாப்பின் பெயரால் செலவிடப்படுவது பணம் மட்டுமன்று. குடிமக்களின் உரிமையும் செலவாகின்றது. 1962 இல் அறிவித்த நெருக்கடி நிலை, போர் நின்று ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் நீடித்து, 1968 ஜனவரியில்தான் நீங்கிற்று. 1971 ஆம் ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ‘மிசா’ என்று மக்கள் அழைத்த அச்சட்டம், விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைக்க இடந்தந்தது. 1975 ஜூன் 25 ஆம் நாள், உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணம் காட்டி மீண்டும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஜூலையில் அதற்கு மக்களவையின் ஒப்புதல் கோரப்பட்டபோது எதிர்த்து நின்றவர்களுள் செழியனும் ஒருவர். ஒப்புதல் தந்தோர் 336 பேர். மறுத்தோர் 59 பேர். எதிர்ப்புரைகளைச் செய்தித்தாள்கள் தடையின்றி வெளியிட இயலவில்லை. ஆயினும் மறுத்தவர்களின் எண்ணிக்கை அவைப் பதிவேட்டில் நிலைத்துவிட்டது.

அச்சட்டங்கள் யாரைச் சுட்டன? செழியனுடன் மக்களவையில் அமர்ந்திருந்தவர் செங்கற்பட்டு உறுப்பினர் சி. சிட்டிபாபு, முன்பு சென்னை மேயராக விளங்கியவர். அவர் மிசாவின் கீழ்ச் சென்னைச் சிறையில் அடைக்கப்பட்டு, அங்கே தாக்கப்பட்டு, 1977 ஜனவரியில் உயிர்நீத்தார். நாட்டின் காவலுக்கு என்று இயற்றிய சட்டம், நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினரையே காக்கவில்லை.

1977 ஆம் ஆண்டில் ஆட்சி மாறியபின், நீதிபதி ஷா தலைமையில் ஆணையம் ஒன்று அமைந்து, 1978 இல் மூன்று பகுதிகளாக அறிக்கை தந்தது. மிசாவின் கீழ் 34,988 பேரும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேரும் பிடித்து அடைக்கப்பட்டனர் என்று அவ்வறிக்கை கணக்கிட்டது. மிசா 1978 இல் நீக்கப்பட்டது. அவ்வாண்டு மாநிலங்களவை உறுப்பினரான செழியனின் காலத்திலேயே அரசியலமைப்பின் 44 ஆம் திருத்தமும் நிறைவேறிற்று. அதன்படி, ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்னும் சொல் நீங்கி, ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்னும் சொல் அவ்விடத்தைப் பெற்றது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் நெருக்கடி நிலை அறிவிக்கலாகாது என்றும் விதிக்கப்பட்டது. ஒரு சொல்லின் மாற்றம் இலட்சம் பேரின் உரிமைக்கு வேலியாயிற்று.

பின்னர் 1980 இல் மீண்டும் ஆட்சி மாறியது. ஷா ஆணையத்தின் அறிக்கைப் படிகள் கிடைப்பதே அரிதாயின. செழியன் 1984 இல் அவையை விட்டு வந்தவர். பதவி ஏதும் இல்லாதவர். எனினும் தம்மிடமிருந்த அறிக்கையைத் தொகுத்து, 2010 ஆம் ஆண்டில், 87 வயதில், நூலாக மீண்டும் வெளியிட்டார். எழுபதுகளில் கணக்குக் கேட்ட அதே உள்ளமே முதுமையிலும் இப்பணியைச் செய்தது எனலாம். 2017 ஜூன் 6 ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாணவ நண்பர்களே, செந்துறை போன்ற ஊரில் வாக்களிக்கும் உழவருக்குத் தில்லி தொலைவில் உள்ளது. எல்லையோ அதனினும் தொலைவு. அவர் தரும் வரியில் ஒரு பங்கு அந்த எல்லைக்குச் செல்கின்றது. அவர் மகனும் படையில் சேர்ந்து அங்கே செல்லக்கூடும். அவர் சார்பில் கேட்க ஒருவர் அவையில் இருத்தல் வேண்டும். நாடு இடரில் உள்ளது என்று அரசு கூறும்போது, நல்ல உறுப்பினர் உடனே துணை நிற்பார்; துணை நின்றவாறே, எவ்வளவு பணம், எவ்வளவு அதிகாரம், எத்துணைக் காலத்துக்கு என்றும் கேட்பார். நாளை நீங்கள் வாக்குச்சாவடிக்குச் செல்லும்போது, இக்கேள்விகளைக் கேட்கவல்லவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்.