ஆல்ஃபாவின் மிச்சம்

டிரைவர் எழுத வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று. நெட்வொர்க் கார்டின் ரெஜிஸ்டர்கள் மெமரியில் ஏதோ ஒரு முகவரியில்தானே தெரிகின்றன? சி மொழியில் ஒரு பாயிண்டரை வைத்து நேரடியாகப் படித்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்குப் போய் ரீட்பி, ரைட்எல் என்று லினக்ஸில் தனி ஃபங்ஷன்கள் எதற்கு? எக்ஸ்86-க்கான வடிவத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய அந்த ஒற்றைப் பாயிண்டர்தான்.

காரணம், 1992-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட ஆல்ஃபா பிராசஸர். 64 பிட், அந்தக் காலத்துக்கு அசுர வேகம். ஆனால் தொடக்ககால ஆல்ஃபாக்களில் ஒரே ஒரு பைட்டைப் படிக்கவோ எழுதவோ கட்டளை கிடையாது. குறைந்தபட்சம் 32 பிட். சாதாரண மெமரியில் சமாளித்துவிடலாம்: நான்கு பைட்டை எடு, ஒன்றை மாற்று, திருப்பி வை. ஹார்டுவேரிடம் இது நடக்காது. சில ரெஜிஸ்டர்களைப் படித்தாலே உள்ளே நிலை மாறிவிடும். டெக் பொறியாளர்கள் கண்ட வழி விசித்திரமானது. முகவரியை ஐந்து பிட் இடப்பக்கம் தள்ளி, காலியான கீழ்ப் பிட்களில் எத்தனை பைட் வேண்டும் என்ற தகவலைச் செருகினார்கள். ஒரு பைட்டுக்கு 32 பைட் அகல முகவரி!

1994-இல் டெக்கின் ஜான் ஹால், லினஸ் டோர்வால்ட்ஸுக்கு ஓர் ஆல்ஃபா இயந்திரம் கிடைக்க வழிசெய்தார். 386-க்காகவே பிறந்த லினக்ஸ் அங்கே ஓட வேண்டுமானால், இந்த முகவரிக் கூத்தை டிரைவரின் கண்ணில் படாமல் எங்காவது ஒளித்துவைத்தாக வேண்டும். ஒளித்த இடம்தான் ரீட்பி.

நெட்பிஎஸ்டியில் கிறிஸ் டெமெட்ரியூ வடிவமைத்த பஸ் ஸ்பேஸ் இன்னும் கறாரானது. எந்த பஸ், அதில் எந்தப் பகுதி என்று ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். எழுதக் கை வலிக்கும்தான். ஆனாலும் என் ஓட்டு அதற்கே. லினக்ஸில் பாயிண்டரை நேராகத் தொட்டாலும் எக்ஸ்86-இல் ஓடிவிடும், தவறு வெளியே தெரியாது. சாதன முகவரிகளுக்குத் தனி அடையாளம் இட்டு, ஸ்பார்ஸ் என்ற கருவியை வைத்து அத்துமீறலைப் பிடிக்கும் ஏற்பாடு 2004-இல்தான் வந்தது.

வரிசை இன்னொரு தலைவலி. பாக்கெட்டை மெமரியில் எழுதிவிட்டு, பிறகு கார்டிடம் 'அனுப்பு' என்கிறோம். ஆல்ஃபாவும் ஏஆர்எம்மும் இந்த இரண்டு எழுத்துகளையும் முன்பின்னாக மாற்றிவிடக் கூடியவை. அனுப்பு முதலில் போய்ச் சேர்ந்தால், கார்டு பழைய குப்பையை அனுப்பிவிடும். எக்ஸ்86-இல் மட்டும் சோதித்தவருக்கு இது கண்ணிலேயே படாது.

ஹெச்பி 2007-இல் ஆல்ஃபா விற்பனையை நிறுத்திவிட்டது. உங்கள் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனில், ஏஆர்எம்முக்கான ரைட்எல் இன்றும் முந்தைய எழுத்துகளை 'அனுப்பு' முந்திவிடாதபடி வரிசையைக் காக்கிறது.