மேடையும் வேலியும்

1978ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் இரவு, ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்ரனில், தேசிய விளையாட்டரங்கின் திறந்த வெளியில் ஏறக்குறைய 32,000 மக்கள் கூடியிருந்தனர். ரெகே இசைக் கச்சேரி ஒன்றின் இறுதிக் கட்டம் அது. பாடகர் பொப் மார்லி, பிரதமர் மைக்கேல் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வேர்ட் சீகாவையும் மேடைக்கு அழைத்து, அவ்விருவர் கைகளையும் தம் தலைக்கு மேலாக ஒன்றுசேர்த்துப் பிடித்தார். அப்புகைப்படம் உலகெங்கும் பரவியது. கலை பகைமையை வென்ற கணம் என்று அதனை வருணித்தோர் பலர். நாமோ அப்படத்தில் இடம்பெறாத இரண்டினைப் பற்றிக் கேட்க விரும்புகின்றோம். மேடையின் கீழே நின்ற மக்கள் யாவர்? அதே மேடையில் மார்லிக்கு முன்னர் ஏறியவர் கூறியது யாது?

ரெகே திறந்த வெளிக்கு வந்த கதை வறுமையின் கதையாகும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் நாட்டுப்புற ஏழைகள் கூட்டங்கூட்டமாகக் கிங்ஸ்ரனின் மேற்குச் சேரிகளில் வந்து குடியேறினர். ஹோட்டல்களிலும் கேளிக்கைக் கழகங்களிலும் வாத்தியக் குழுக்கள் வாசித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அங்கு நுழைவதற்குரிய பணமும் இவர்களிடம் இல்லை, அங்கு மதிக்கப்பட்ட தோல் நிறமும் இவர்களிடம் இல்லை. ஆகவே 1950களில் ஒரு புதிய தொழில் செழித்தது. பென்னம்பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை லொறியில் ஏற்றிவந்து, வெறும் வளவுகளில் அடுக்கி, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டனர். 'சவுண்ட் சிஸ்ரம்' என்பது அதன் பெயர். நுழைவுக் கட்டணம் சொற்பம். பியர் விற்ற காசு நடத்துநருக்கு. டியூக் ரீட், கொக்சன் டொட் ஆகியோர் இத்தொழிலின் பெரும் போட்டியாளர். ரீட் முன்னாள் பொலிஸ்காரர். துப்பாக்கி சகிதம் தோன்றுவதில் அவருக்கு ஒரு பெருமை! பின்னர் இவர்களே உள்ளூர்க் கலைஞரைக் கொண்டு பாடல்களைப் பதிவு செய்யத் தலைப்பட்டனர். 1962இல் நாடு சுதந்திரமடைந்த காலத்தில் ஸ்கா, 1966 அளவில் ரொக்ஸ்ரெடி, 1968 அளவில் ரெகே என இசை உருமாறியது அந்த வளவுகளை நம்பியே. ரெகேயில் 'பேஸ்' கிற்றார் முன்னிற்பதற்கும் இதுவே ஒரு காரணம் எனலாம். கூரையற்ற வெளியில் நின்றோர் அதனைச் செவியால் மட்டுமன்றி நெஞ்சுக்கூட்டாலும் கேட்டனர்.

மக்கள் திரளும் இடத்தை அரசியல்வாதிகள் காணாதிருப்பரோ? ஹாவார்ட் பட்டதாரியான சீகா, அரசியலில் உயர்வதற்கு முன்னரே இசைத்தட்டுத் தயாரிப்பாளராகத் தொழில் நடத்தியவர். மான்லி 1972ஆம் ஆண்டுத் தேர்தலில் ரெகே பாடகர்களை ஊர் ஊராக அழைத்துச் சென்று வாக்குத் திரட்டி வென்றவர். ஆக, மேடையில் மார்லி பற்றிய இரு கைகளும் ரெகேயின் விலையை நன்கு அறிந்த கைகள்.

அவ்விருவரின் கட்சிகளும் 1938ஆம் ஆண்டுத் தொழிலாளர் எழுச்சியின் அலையில் உருவானவை. மக்கள் தேசியக் கட்சியின் நோர்மன் மான்லியும் ஜமைக்கா தொழிற்கட்சியின் புஸ்ரமாந்தேயும் நெருங்கிய உறவினர். (தொழிலாளரின் பெயரைச் சூடிய கட்சியே வலதுசாரிக் கட்சியாக வளர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்வோம்.) சுதந்திரத்தின் பின்னர் வீடும் வேலையும் கட்சி விசுவாசத்துக்குக் கூலியாக வழங்கப்பட்டன. மேற்குக் கிங்ஸ்ரனின் பிரதிநிதியாகவும் அமைச்சராகவும் இருந்த சீகாவின் காலத்தில், 'பக்-ஓ-வோல்' என்னும் சேரி 1960களில் இடித்துத் தள்ளப்பட்டு, அவ்விடத்தில் ரிவோலி கார்டன்ஸ் குடியிருப்பு எழுந்தது. அங்கு வீடு பெற்றோர் அவரது கட்சியினரே. மற்றக் கட்சியும் தன் கோட்டைகளை எழுப்பிக்கொண்டது. கோட்டைகளைக் காக்கத் துப்பாக்கிகள் வந்தன. ஒரே பட்டினியை உண்டவர்கள் ஒரு தெருவின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் சுட்டனர்.

1976 டிசம்பரில் மக்களின் மனத்தை ஆற்றுவதற்கென மார்லி ஓர் இலவசக் கச்சேரிக்கு இசைந்தார். கட்சி சாராத நிகழ்ச்சி என்றே அவர் எண்ணினார். அதற்குப் பின்னரே அரசாங்கம் அம்மாதத்திலேயே தேர்தல் என அறிவித்தது. டிசம்பர் 3ஆம் நாள் ஆயுதந் தாங்கியோர் அவரது வீட்டினுள் நுழைந்து சுட்டனர். அவரும், அவர் மனைவியும், முகாமையாளரும் காயமுற்றனர். இரு நாட்கள் கழித்து, காயத்துடனேயே தேசிய வீரர் பூங்காவில் ஏறக்குறைய 80,000 பேர் முன்னிலையில் அவர் பாடினார். அதன் பின்னர் நாட்டை விட்டு நீங்கி இலண்டனில் வாழ்ந்தார்.

அவரைத் திரும்ப அழைத்தவை கட்சிகள் என எண்ணுதல் பிழை. 1978 ஜனவரி 5ஆம் நாள் கிறீன் பே என்னுமிடத்தில், தொழிற்கட்சிப் பகுதியைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களை இராணுவத்தினர் பொறியில் வீழ்த்திக் கொன்றனர். அதே மாதத்தில் எதிரெதிர்ச் சேரிகளின் ஆயுதக் குழுத் தலைவர்களான குளோடி மாசொப்பும் பக்கி மார்ஷலும் தமக்குள் போர்நிறுத்தம் செய்துகொண்டனர். கச்சேரியை முன்னின்று ஒழுங்கு செய்தவர்களும் இவர்களே. சுட்டவர்களே சலித்துப்போய்ச் சமாதானம் வேண்டி நின்ற போது தலைவர்கள் விருந்தினராக வந்து அமர்ந்தனர்.

அன்றிரவு மார்லிக்கு முன்னர் மேடையேறியவர், ஒருகாலத்தில் அவருடன் ஒரே குழுவிற் பாடிய பீற்றர் ரொஷ். சமாதானத்தைக் கேட்பதற்கு முன் நீதியைக் கேட்க வேண்டும் என்ற கருத்தை அவர் 1977இல் வெளிவந்த தம் இசைத்தொகுப்பிலேயே வலியுறுத்தியிருந்தார். இப்போது மான்லியையும் சீகாவையும் முன்னால் இருத்திக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினார். குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற அமைப்பு முறையையும், ஏழைகள் மீது பொலிசார் புரியும் கொடுமையையும் ஏளனமும் கோபமும் கலந்த சேரி மொழியிற் சாடினார். தடைசெய்யப்பட்ட கஞ்சாவை அங்கேயே பற்றவைத்தார். அப்பேச்சு பிற்காலத்தில் இசைத்தட்டாகவும் வெளிவந்தது. இசை கேட்க வந்த கூட்டம் அதனைப் பொறுமையுடன் கேட்டதா எனச் சிலர் ஐயுறலாம். தம் வாழ்வையே ஒருவன் மேடையில் எடுத்துரைக்கையில் அதற்கு மிஞ்சிய இசை எது?

பின்னர் நடந்தவை விரைவில் நடந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் பொலிசார் ரொஷைப் பிடித்து மண்டை பிளக்க அடித்தனர். 1979 பெப்ரவரியில் மாசொப் பொலிசாரின் குண்டுகளுக்கு இரையானார். 1980இல் மார்ஷல் நியூ யோர்க்கில் கொல்லப்பட்டார். நம் வாசகர்க்கு அறிமுகம் வேண்டாத சர்வதேச நாணய நிதியம், கச்சேரி முடிந்த மறுமாதமே நாணய மதிப்பிறக்கத்தையும் சிக்கனத்தையும் நிபந்தனையாக்கிக் கடன் வழங்கியது. 1980ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்தில் 800 பேரளவில் மாண்டனர். சீகா வென்றார். இதற்கெல்லாம் மார்லியைக் குறைகூறுதல் நேர்மையாகாது. பாடகர் ஒருவர் தம்மால் இயன்றதைச் செய்தார். வீட்டையும் வேலையையும் துப்பாக்கியையும் பங்கிடும் அதிகாரம் அவர் கையில் இருக்கவில்லை. அது அவர் பற்றிய கைகளில் இருந்தது.

அதே 1980இல், ஏப்ரல் 17ஆம் நாள் இரவு, மார்லி ஆபிரிக்காவில் மற்றொரு திறந்த வெளி மேடையில் நின்றார். அன்று சலிஸ்பரி என வழங்கிய ஹராரேயில், கறுப்பினத் தொழிலாளரின் குடியிருப்பை அடுத்த ருபாரோ மைதானத்தில், சிம்பாப்வேயின் சுதந்திர விழா. ஒலிபெருக்கிச் சாதனங்களைக் கொண்டுவரும் செலவைத் தாமே ஏற்று வந்திருந்தார். பிரித்தானிய இளவரசர் சார்ள்ஸும் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் பிற விருந்தினரும் உள்ளே இருந்தனர். பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து இன்னலுற்ற மக்களிற் பெருந்தொகையினர் வேலிக்கு வெளியே நின்றனர். இசை வெளியே கேட்டதும் அவர்கள் வாயிலைத் தள்ளிக்கொண்டு புகுந்தனர். பொலிசார் கண்ணீர்ப்புகை வீசினர். புகை மேடையையும் சூழ, இசைக்குழுவினர் கண்களைப் பொத்திக்கொண்டு இறங்கினர். அமளி அடங்கியபின் மார்லி பாடி முடித்தார்.

மறுநாள் அவர் அதே மைதானத்தில் மீண்டும் பாடினார். கட்டணமும் இல்லை, அழைப்பிதழும் இல்லை. முதல் நாள் வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தனர்.