கப்பற்சீட்டே நிவாரணம்: பொருளாதார மந்தக் காலத்து மலாயாவில் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் 1930ஆம் ஆண்டை அடுத்த காலப்பகுதியை ஓரிரு வரிகளில் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. இரப்பர் விலை வீழ்ந்தது; தோட்டங்களில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது; தொழிலாளர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வகுப்பறைகளில் நாம் சொல்லிக் கொடுப்பதும் பெரும்பாலும் இவ்வளவே. 'அனுப்பப்பட்டனர்' என்னும் செயப்பாட்டு வினை மிக வசதியானது. அனுப்பியவர் யார், எவருடைய பணத்தில் அனுப்பினார், அனுப்பப்படுவதற்குத் தொழிலாளி என்ன கேட்டார், கேட்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் அனைத்தையும் அது மறைத்துவிடுகிறது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளி உதவி கோரியபோது அவர்முன் வைக்கப்பட்ட நிவாரணம் யாது என்பதையும், அந்நிவாரணத்தின் வடிவம் அவரது கோரிக்கையை என்ன செய்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நிதியிலிருந்தே தொடங்க வேண்டும். 1907ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்வழித் தமிழர் குடிநுழைவு நிதி உருவாயிற்று. பின்னர் அது இந்தியர் குடிநுழைவு நிதி எனப் பெயர் பெற்றது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு அமர்த்திய முதலாளிமார், அத்தொழிலாளர் வேலை செய்த நாள்களின் எண்ணிக்கைக்கேற்ப இந்நிதிக்குத் தீர்வை செலுத்தினர். நிதியை நிருவகித்த குழுவில் அரசு அதிகாரிகளும் தோட்ட உரிமையாளரின் சார்பாளர்களும் இடம்பெற்றனர். நிதியின் முதன்மையான நோக்கம் ஆள் சேர்ப்பதே. கங்காணி அழைத்து வந்தவர்க்கும் தாமே வந்தவர்க்கும் கப்பற் கட்டணம் இதிலிருந்து கொடுக்கப்பட்டது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தொழிலாளி உழைத்த ஒவ்வொரு நாளும் நிதிக்குள் சில காசுகள் விழுந்தன. அவர் உழைக்காத நாளில் எதுவும் விழவில்லை. ஆகவே பொருளியல் நோக்கில் அது அவரது உழைப்பின் மீது கணக்கிடப்பட்ட தொகையே. சட்டத்தின் பார்வையிலோ அது முதலாளி செலுத்திய பணம். அவர் பெயரில் கணக்கு இல்லை, அட்டை இல்லை, சந்தா இல்லை. நிதியின் அளவு அவரைப் பொறுத்திருந்தது. அதன்மேல் அவருக்குப் பாத்தியதை இல்லை. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இம்முரண் ஒன்றே பெருமளவு போதும் என்பது நமது கருத்து.

ஓர் உரிமை மட்டும் எழுத்தில் இருந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தையும் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளையும் ஒட்டி, உதவி பெற்று வந்த தொழிலாளி வந்திறங்கிய ஓராண்டுக்குள் உடல்நலக் குறைவு, தகாத வேலை, முறையற்ற நடத்துதல் ஆகிய காரணங்களால் ஊர் திரும்ப விரும்பினால் செலவின்றித் திரும்பலாம். இந்திய அரசின் முகவர் ஒருவரும் 1925 முதல் மலாயாவில் பணியாற்றினார். ஆயினும் ஓராண்டு கடந்தவர்க்கு, பத்தாண்டு பால்மரம் வெட்டியவர்க்கு, விதி மௌனமாகவே இருந்தது.

1929இல் சிங்கப்பூரில் இராத்தலுக்குச் சராசரியாக 34 காசு அளவில் விற்ற இரப்பர், 1932இல் 7 காசு அளவுக்கு வீழ்ந்தது. சட்டப்படி வகுக்கப்பட்டிருந்த நாட்கூலி ஆடவர்க்கு 50 காசாகவும் பெண்டிர்க்கு 40 காசாகவும் இருந்தது. 1930இல் அது 40, 32 எனக் குறைக்கப்பட்டது. பின்னர் அதற்கும் கீழே சென்றது. தோட்டத்தில் வேலையிழப்பு என்பது நகரத் தொழிற்சாலையில் நிகழ்வது போன்றதன்று. விடியலிற் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படாமற் போகும், அவ்வளவுதான். பெயர் செக்ரோலிலிருந்து நீங்கினால் கூலி நீங்கும். கூலியோடு லயத்து வீடும், தோட்டக் கடையின் கடனும், தோட்ட மருந்தகமும், பிள்ளைகளின் தோட்டப் பள்ளியும் ஒருசேர நீங்கும். வேலையும் வாழ்விடமும் ஒரே கையில் இருந்தமையால் வேலையற்றவராக ஒரு நாளேனும் தோட்டத்தில் தங்கியிருக்க அவருக்கு இடமில்லை. வேலையின்மை என்பது அங்கு ஒரு நிலையாக இருக்கவே இயலவில்லை. வெளியேற்றமாக மட்டுமே அது இருந்தது.

இச்சூழலில் 1930இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஆள் கொண்டுவருவதற்கென உண்டாக்கப்பட்ட நிதி ஆளைத் திருப்பி அனுப்பும் நிதியாயிற்று. குறைத்த கூலிக்கு வேலை செய்ய உடன்படாதவர்க்கு இலவசக் கப்பற்பயணம் வழங்கப்படும் என்பது அதிகாரத்தார் வகுத்த ஏற்பாடு. தோற்றத்தில் இது தெரிவுரிமை. குறைந்த கூலியை ஏற்கலாம், அன்றேல் ஊர் போகலாம். இங்கேயே இருந்துகொண்டு கூலிக்காக வாதாடுவதும், அடுத்த வேலை கிடைக்கும்வரை உதவி பெற்றுக் காத்திருப்பதும் அத்தெரிவில் இடம்பெறவில்லை. 1930 முதல் 1932 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்திற்கு அனுப்பப்பட்டனர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியர் அனைவரும் ஏறத்தாழ 6,24,000 பேர் என்பதை நினைவிற் கொண்டால், அவ்வெண்ணின் பருமன் புலனாகும்.

இத்திட்டத்தின் அடியில் ஒரு கருதுகோள் கிடந்தது. தமிழ்த் தொழிலாளிக்கு ஊர் உண்டு; ஊரில் நிலமோ உறவோ உண்டு; அதுவே அவரது காப்புறுதி என்பது அக்கருதுகோள். காப்புறுதித் தொகையைத் தஞ்சாவூரும் திருச்சிராப்பள்ளியும் சேலமும் கட்டட்டும், மலாயா கப்பற் கட்டணத்தைக் கட்டினாற் போதும் என்று இதனை எளிமையாகச் சொல்லலாம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கியவர்கள் எந்த நிலத்தின் பற்றாக்குறையால் கப்பல் ஏறினரோ அந்த நிலத்திற்கே திரும்பினர். அங்கும் அதே மந்தம், அதே விலைவீழ்ச்சி. மேலும், 1931இல் மலாயா இந்தியருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்நாட்டிலேயே பிறந்தவர். இங்குப் பிறந்த குழந்தை பெற்றோரோடு கப்பலேறியபோது அது 'திரும்பியது' என்று கூறுவது சொற்பிழை. வரலாற்று நூல்களில் இப்பிழை இன்றும் நீடிக்கிறது.

இதே ஆண்டுகளில் இதே பேரரசின் தலைநாட்டில் வேலையிழந்தவர் எதிர்கொண்டது என்ன என்பதை ஒப்புநோக்குதல் தகும். பிரித்தானியத் தொழிலாளி 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த காப்புறுதி முறையுள் அடங்கியிருந்தார். அங்கும் நிலைமை இனிதாக இல்லை. 1931இல் வேலையற்ற ஆடவரின் வாரத்தொகை 17 சில்லிங்கிலிருந்து 15 சில்லிங் 3 பென்சுக்குக் குறைக்கப்பட்டது. 26 வாரம் கடந்தவர்கள் குடும்ப வருவாய்ச் சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டுக்குள் நுழைந்து பொருள்களை நோட்டமிட்டார். மகனின் சம்பளம் தந்தையின் உதவித்தொகையிற் கழிக்கப்பட்டது. அதனாலேயே பிள்ளைகள் வீட்டைவிட்டு வேறிடம் சென்ற குடும்பங்களும் இருந்தன. அவ்வவமதிப்பை அந்நாட்டார் தலைமுறைகள் கடந்தும் மறக்கவில்லை.

ஆயினும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. அங்கு அவமதிக்கப்பட்டவர் அடுத்த வாரமும் அதே சன்னலின்முன் வந்து நின்றார். எண்ணப்பட்டார், மறுக்கப்பட்டால் மேல்முறையிட்டார், அணிவகுத்தார். 1935 தொடக்கத்தில் புதிய உதவித்தொகை விகிதங்கள் நடைமுறைக்கு வந்தபோது தென் வேல்சில் மக்கள் இலட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தனர். பிப்ரவரியில் அரசு அவ்விகிதங்களை நிறுத்திவைத்தது. கோரிக்கையாளர் என்னும் நிலை அங்கே நீடித்தமையால் அது அரசியலாயிற்று. மலாயாவிலோ கோரிக்கை ஒருமுறைதான் எழுந்தது. அது நிறைவேற்றப்பட்ட கணமே கோரியவர் நாட்டில் இல்லை. கப்பல் பினாங்குத் துறையை விட்டு அகன்றதும் வேலையற்றவரும் அகன்றார். வேலையின்மையும் கணக்கிலிருந்து அகன்றது. நிவாரணம் வழங்கப்பட்டது என்பதும் உண்மை, வேலையில்லாதோர் எண்ணிக்கை குறைந்தது என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளும் அறிக்கையில் அடுத்தடுத்து நிற்கும்போது நிருவாகம் திறம்பட இயங்கியதாகத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி எழுதப்பட்ட ஆய்வுகள் சில உள.

எல்லாரும் வற்புறுத்தி ஏற்றப்பட்டனர் என்று நாம் கூறவில்லை. கப்பலைத் தாமே கேட்டவர் பலர். பசித்திருப்போர்க்கு ஊர் முகம் காண்பது ஆறுதலே. ஆனால் ஒரே கதவு திறந்திருக்கும் வீட்டிலிருந்து ஒருவர் அக்கதவு வழியே வெளிவந்ததை அவரது விருப்பத்திற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

உடல் தளர்ந்தோர் நிலை இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. மந்தத்திற்கு முன்னரே நோயாளிகள், முதியோர், உறுப்புக் குறைபாடுற்றோர் ஆகியோரை நிதியின் செலவில் ஊருக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. போக்கிடம் அற்றவர்க்கு நிதியின் ஆதரவில் விடுதி வசதியும் இருந்தது. மந்தக் காலத்தில், உழைக்க உடல் இருந்தும் வேலை கிடைக்காதவர்க்கும் உழைக்க உடல் இல்லாதவர்க்கும் ஒரே விடையே கூறப்பட்டது. மருத்துவம் வேண்டியவர்க்கும் கூலி வேண்டியவர்க்கும் கப்பற்சீட்டு. பிரித்தானியச் சட்டம் இவ்விரு வகையினரையும் வெவ்வேறாகப் பிரித்துப் பிரித்தே வளர்ந்தது. மலாயாவிற் பிரிக்க வேண்டிய தேவையே எழவில்லை. உழைப்பு என்னும் ஒன்று நீங்கிய பின்னர் எஞ்சியவர் எத்தகையவராயினும் நிருவாகத்திற்கு ஒன்றே.

சீனத் தொழிலாளர் நிலை வேறு. 1928ஆம் ஆண்டுக் குடிநுழைவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1930இல் அவர்கள்மீது செயற்படுத்தப்பட்டது. பிரித்தானியக் குடிகள் என்பதால் இந்தியர்மீது அது பாயவில்லை. தடையில்லாக் கதவு இந்தியர்க்கு நன்மை என அக்காலத்தில் பேசப்பட்டது. கதவு இருபுறமும் திறக்கும் என்பதைப் பேசியவர் சிலரே.

1934இல் அனைத்துலக இரப்பர் கட்டுப்பாட்டு உடன்பாடு விலையைத் தூக்கி நிறுத்தியது. ஆள் தேவைப்பட்டது, அதே நிதி மீண்டும் வருகைக்கான சீட்டு வழங்கியது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1937இல் அளித்த அறிக்கையிற் கங்காணி முறைக்கு முடிவு கட்டவும், கூலியை 50, 40 காசு நிலைக்கு மீட்கவும் பரிந்துரைத்தார். 1938இல் விலை மீண்டும் சரிந்து கூலி குறைக்கப்படவே, இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வை நிறுத்தியது. 1930இல் நிகழ்ந்தது மறுபடி நிகழாதிருக்கப் புதியவர் வருகையைத் தடுத்தாயிற்று. ஏற்கெனவே வந்திருந்தவர் வேலையிழந்தால் இங்கேயே என்ன பெறுவார் என்பதற்கு அப்போதும் விடை பிறக்கவில்லை.

விடை பகுதி பகுதியாகவே வந்தது. 1951இல் ஊழியர் சேமநிதி உருவாயிற்று. முதன்முறையாகத் தோட்டத் தொழிலாளியின் பெயரிலேயே ஒரு கணக்கு. 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம், நாம் சொக்சோ என வழங்குவது, வேலையிட விபத்துக்கும் உடல் இயலாமைக்கும் காப்புத் தந்தது. அச்சட்டம் பிறந்த அதே ஆண்டில், குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கிய விதி நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டில் நெடுங்காலம் உழைத்தும் குடியுரிமைத் தாள் பெறாதிருந்த தமிழர் பல்லாயிரவர் மீண்டும் கப்பலேறினர். குடிநுழைவு நிதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகப் பெயர் மாறி, 1999இல் சட்டத்தின்வழிக் கலைக்கப்பட்டது. அந்நிதி தொழிலாளர்க்கு உரியதா, முதலாளிகள் அளித்ததா என்னும் பழைய வினாவும் தீர்வு காணாமல் அதனோடு முடிந்தது.

வேலையிழந்தவர்க்கு மாதத்தொகை வழங்கும் காப்புறுதி மலேசியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவாகி, 2018 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. வேலையிழந்த 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; தேடல் உதவித்தொகை முதல் மாதத்திற் காப்புறுதிக்குரிய சம்பளத்தில் 80 விழுக்காடு, பின்னர் படிப்படியாகக் குறைந்து ஆறு மாதம்வரை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அதன் பயனாளிகள். நம் பாட்டன்மார் வெட்டிய இரப்பர்க் காடுகள் செம்பனையாகிவிட்ட தோட்டங்களில் இன்று பெருமளவில் உழைக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அத்திட்டத்துள் அடங்குவதில்லை.