வீட்டு ஒலிப்பதிவும் புத்தளக் கரையின் நரம்பிசையும்

ஒரு சமுதாயத்தின் இசை வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் பாடல்களின் சொற்களையே சான்றாகக் கொள்வர். சொல் ஏட்டில் ஏறும், அச்சிலும் ஏறும். சொல்லற்ற கருவியிசையோ வாசித்தவரின் விரல் ஓய்ந்ததும் மறைந்துவிடும். சுரக்குறிப்பு எழுதப் பயின்றோரின் ஆக்கங்கள் மட்டுமே இதற்கு விலக்காகும். தொழில் வேறாக, ஓய்வு நேரத்தில் கிற்றார் வாசிக்கும் ஒருவரின் சொந்த மெட்டுக்கள் எஞ்ச வேண்டுமாயின் அவை ஒலியாகவே பதியப்படுதல் வேண்டும். வீட்டு ஒலிப்பதிவின் வரலாற்று முக்கியத்துவம் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. இதனை ஆராய்தற்குப் புத்தளம் மாவட்டக் கரையோரம் ஏற்றதொரு களமாகும்.

இக்கரையிலே சொல்லைப் பேணும் மரபு பழையது. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி 'தமிழ் புளூராக்' என்னும் ஆங்கில நூலாக 1859இல் வெளியிட்டார். உடப்பு மீனவர் கரைவலை இழுக்கையிற் பாடிய அம்பாப் பாடல்கள் வாய்மொழியாக வந்து பின்னர் எழுத்திலும் இடம்பெற்றன. புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். 1873இல் இலங்கைத் துப்பாக்கிப் படை கலைக்கப்பட்டபின் அப்படையைச் சேர்ந்த ஆபிரிக்கர் சிலர் புத்தளம் உப்பளங்களிற் காவற்பணி ஏற்றனர். கிரியோல் போர்த்துக்கேயம் அவர்களது வழித்தோன்றல்களின் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவிட்ட போதிலும், 'மஞ்சா' எனப்படும் பாடல்களில் அதன் சொற்கள் இன்றும் ஒலிக்கின்றன. மொழி வழக்கொழிந்த பின்னரும் பாடல் நின்றது. ஆயின் நரம்புக் கருவிகளில் எழுந்த இசைக்கு என்ன நேர்ந்தது?

1505இல் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயரின் தொடர்பால் ஐரோப்பிய நரம்புக் கருவிகள் இந்நாட்டுக் கரையோரங்களிற் பரவின. காபிரிஞ்ஞா நடனத்தின் துள்ளல் தாளம் பைலாவுக்கு அடிப்படையாயிற்று. பிரித்தானிய அரசாங்க அலுவலராக விளங்கிய ஹியூ நெவில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிலே திரட்டிய கையெழுத்துப் பிரதிகளுள் கிரியோல் போர்த்துக்கேயச் செய்யுட்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள. அவற்றைப் பாடியோரின் சொற்கள் இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அவர்களோடு வாசித்தோரின் விரல் நுட்பங்களை அறிதற்கு அச்செய்யுட்கள் உதவா.

பிற்காலத்தில் ஒலிப்பதிவு தோன்றியபோதும் நிலைமை உடனே மாறவில்லை. கொழும்பிலே 1925இல் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. இசைத்தட்டு, வானொலி ஆகிய இரண்டும் தலைநகரையே மையமாகக் கொண்டன. பொலிஸ் சேவையிற் பணியாற்றிய வொலி பஸ்ரியன் 1940களிற் பைலாவைப் பரப்பினார். பின்னர் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் தமிழ்ப் பொப் பாடல்களில் கிற்றார் சிறப்பிடம் பெற்றது. எனினும் இவற்றிலெல்லாம் கிற்றார் குரலுக்குத் துணையாகவே நின்றது. புத்தளத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக் கலையகத்திற்குச் சென்று, தேர்வில் தெரிவாகி, குறித்த நேரத்துள் வாசித்து முடிக்க இயன்றோரின் இசையே பதிவாயிற்று. பொழுதுபோக்குக் கலைஞருக்கு, அதிலும் சொல்லற்ற மெட்டுக்களை ஆக்கியவருக்கு, அங்கு இடம் அரிது.

இத்தடையை உடைத்த தொழினுட்பம் வேறிடத்திலே தோன்றியது. அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் லெஸ் போல், ஹொலிவூட்டில் தம் வீட்டு வாகனக் கொட்டிலிற் பதிவுசெய்த 'லவர்' என்னும் இசை 1948இல் வெளியாயிற்று. அதிலுள்ள எட்டுக் கிற்றார்ப் பகுதிகளையும் அவரொருவரே வாசித்தார். முதலில் ஒரு பகுதியைத் தட்டிற் பதிந்து, அதனை ஒலிக்கவிட்டு அதனோடு அடுத்ததை வாசித்து, இரண்டையும் மற்றொரு தட்டிற் பதிவார். ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடும்; இறுதிப் பகுதியிற் பிழை நேரின் முந்திய படியை மீண்டும் ஒலிக்கவிட்டுப் பதிய வேண்டும். தனியொருவர் ஒரு குழுவாக இயங்கலாம் என்பதை இம்முயற்சி நிலைநாட்டியது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கசெற் நாடா, பதிவுக் கருவியைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அந்நாடாவிற் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஒலித்தடங்கள் உள. 1979இல் ரியாக் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்ரூடியோ, அந்நான்கையும் ஒரே திசையில், வழமையிலும் இருமடங்கு வேகத்திற் பயன்படுத்தியது. ஒரு தடத்தில் தாளக் கிற்றார், மற்றொன்றிற் பேஸ், மூன்றாவதில் மெட்டு எனப் பதிந்து, அவற்றைக் கலந்து நான்காவதில் ஏற்றினால், முதல் மூன்றும் புதிய பகுதிகளுக்கு ஒழிவாகும். 2000இல் வெளியான ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருள்கள் கணினியில் இவ்வெல்லையையும் நீக்கின. இன்று கைத்தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாகவும் பயன்படுகின்றது.

இவ்வாறு பதியப்படுவனவற்றைத் தரம் குறைந்தவை எனத் தள்ளுதல் வரலாற்று நோக்குக்குப் பொருந்தாது. கலையகம் புற ஒலிகளை விலக்கும். வீடு அவற்றை உள்வாங்கும். மெட்டின் பின்னணியிற் கேட்கும் கடற்காற்று, படகு இயந்திரம், கோயில் மணி, பாங்கோசை ஆகியன அவ்விசை எவ்விடத்தே எழுந்தது என்பதற்குச் சான்றாகும். மேலும், பிறர் வந்து திரட்டிய நிலை மாறி, ஆக்கியவரே தம் இசைக்குப் பதிவாளராகும் நிலை இங்கு உண்டாகின்றது. எது எஞ்ச வேண்டும் என்பதை இப்போது அவரே தீர்மானிக்கின்றார்.

ஆயின் பதிவு செய்தல் வேறு, பேணல் வேறு. கரையோரத்து ஈரக்காற்றிற் காந்த நாடா பூஞ்சணம் பிடிக்கும். கணினிக் கோப்பும் படியெடுக்கப்படாவிடின் சாதனம் பழுதாகும்போது அழியும். வாசித்தவர் பெயர், ஊர், நாள், சுருதி கூட்டிய முறை ஆகியன குறிக்கப்படாத பதிவு, ஆசிரியர் பெயரற்ற ஏட்டை ஒத்தது. 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம ஆவணகம் ஈழத்துத் தமிழ் எழுத்துக்களைப் பேணி வருகின்றது. கரையோர வீடுகளிற் பிறக்கும் சொல்லற்ற இசைக்கும் அத்தகைய பேணல் உரியது. காசிச்செட்டி புலவர்க்கு ஆற்றிய பணியை இவ்விசைஞர்க்கு ஆற்றும் பொறுப்பு, வரலாறும் இசையும் பயில்வோர் அனைவரையும் சார்ந்ததாகும்.