ஆவிரை: வேலிக்கு வெளியே நின்ற செடி

மழை பொய்த்த ஆண்டிலும் தரிசிலும் சாலையோரத்திலும் பொன்னாகப் பூத்து நிற்பது ஆவிரை. இன்றைய வழக்கில் ஆவாரை. ஆண்டு முழுதும் பசுமை மாறாத இக்குறுஞ்செடியை ஈராயிரம் ஆண்டுகளாக அறிந்திருக்கும் நாம், அதை வீட்டுத் தோட்டத்துக்குள் அழைத்தது அரிது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. ஆயினும் சங்கப் பாடல்களில் அது நம் நினைவில் தங்குவது மடலேறும் தலைவனோடுதான். காதல் கைகூடாதவன் பனைமடலைக் குதிரையாக்கி, ஆவிரையும் எருக்கும் பூளையும் அணிந்து தெருவில் தோன்றுவான். அன்று நாணம் துறந்தவன் அணிந்த ஆவிரையையும் பூளையையும், இன்று கொங்கு நாட்டார் பொங்கலுக்கு முன் வேப்பிலையோடு சேர்த்து வீட்டிறப்பில் காப்பாகச் செருகுகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்செடிக்கு வேறொரு மதிப்பு வாய்த்தது. அதன் பட்டையில் துவர்ப்பொருள் மிகுதி. சென்னை மாகாணத்தின் தோல் பதனிடுவோர் அதைக் கொண்டு பதனிட்ட தோல்கள் கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்றன. தேவை பெருகப் பெருகச் செடிகள் வெட்டப்பட்டுப் பட்டை உரிக்கப்பட்டது. வெட்டினோமே தவிர, நட்டு வளர்ப்பதில் அதே முனைப்பைக் காட்டவில்லை. 1903இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையும் வந்திறங்கியது. ஆவாரம் பட்டை மெல்லப் பின்தள்ளப்பட்டது.

கதை அங்கே முடிந்திருந்தால் செடி பிழைத்ததென்று மகிழலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அதே துவர்ப்பொருளுக்காக, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட வாட்டில் மரங்களை நீலகிரியிலும் பழனி மலையிலும் பெருமளவில் நட்டோம். அவை சோலைகளை அடுத்த புல்வெளிகளில் பரவி, இன்றும் அகற்ற இயலாத சுமையாய் நிற்கின்றன. மண்ணுக்குரிய செடியைக் காட்டுப்பொருளாக மட்டுமே கண்டதன் விலை அது.

ஆவிரையை வளர்ப்பது எளிது. காய்ந்து பழுப்பேறிய காய்களிலிருந்து விதை எடுக்கலாம். தோல் கடினமாதலால் வெந்நீரில் இட்டு, ஓரிரவு ஊறவைத்து விதைப்பது நலம். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், பிடுங்கி நடுவதைவிட மழைக்கு முன் உரிய இடத்திலேயே ஊன்றிவிடலாம். நல்ல வெயில் வேண்டும், நீர் தேங்கலாகாது. வேர் பிடிக்கும் வரை நீர் ஊற்றினால் போதும். பூத்து ஓய்ந்தபின் கிளைகளைக் கழித்துவிட்டால் அடர்ந்து வளரும். சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இதன் இலையை உண்டு வாழ்பவை; இலையில் துளைகளைக் கண்டு மருந்து தெளிக்க வேண்டாம்.

கோடையில் குடிநீருக்குக் குடம் ஏந்தி நின்றுகொண்டே, நீர் குடிக்கும் புல்தரைக்கும் குரோட்டன்ஸுக்கும் குழாயைத் திறந்துவிடுகிறோம். பட்டைக்காக ஆவிரையைத் தேடிப்போன காலம் முடிந்துவிட்டது. இனிப் பூவுக்காக அதை அழைத்துவருவோம்.